மலைமேல் தொள்ளாயிரத்து ஒன்று

என் வேலை எடை போடுவது. ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் பன்னிரண்டு வருஷம் தராசுப் பக்கம் நின்றேன். மல்லி, வத்தல், புளி. பொட்டலத்தைத் தூக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். தராசு அதற்கப்புறம்தான் சொல்லும். முதலாளி காலமானார். அவர் பிள்ளைகள் கடையைப் பிரித்துக்கொண்டார்கள். எனக்கு வேலை இல்லை. அப்படித்தான் விமானக் கம்பெனிக்கு வந்தேன்.

விமானம் என்றால் ஆள் ஏறுகிறது இல்லை. ஆள் இல்லாமல் பறப்பது. ஆறு விசிறி, நடுவில் ஒரு பெட்டி. பொன்முடி மலையில் எஸ்டேட் கூலிக்காரர்கள் இருக்கிற லயங்களுக்கும் அதைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கிற ஆதிவாசிக் குடிகளுக்கும் அதில் மருந்து அனுப்ப வேண்டும். அங்கே பஸ் குறைவு. பெருமழை என்றால் அதுவும் கிடையாது. மருந்து அனுப்புகிறவர்கள் எங்கள் கம்பெனியிடம் சொன்னது ஒன்றுதான். எட்டு கிலோ தூக்க வேண்டும், மலையிலும் தூக்க வேண்டும்.

சோதனைக்கு மருந்து வைக்க மாட்டார்கள். மணல் மூட்டை வைப்பார்கள். மணலை நிறுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, தைத்துக் கொடுப்பது நான். இன்னொரு வேலையும் உண்டு. சோப்புக்கட்டி அளவில் ஒரு மஞ்சள் பெட்டி. அதில் மூன்று எண் தெரியும். சூடு, காற்றில் உள்ள ஈரம், காற்றின் பிரஷர். ஒவ்வொரு முறை பறக்கும் முன்னும் அந்த மூன்றையும் தாளில் எழுத வேண்டும். பெட்டி என் பொறுப்பு. வீட்டுக்கும் நான்தான் கொண்டுபோவேன்.

இது எதற்கு என்று கணக்குப் போடுகிற இன்ஜினியரிடம் ஒருமுறை கேட்டேன். கொல்லத்துக்காரி, முப்பது வயது இருக்கும். மலையாளத்தில் என்னைச் சேச்சி, அக்கா, என்பாள். நான் மோளே என்பேன், மகளே என்கிற மாதிரி.

"விசிறி காத்தைப் பிடிச்சுத்தான் கீழே தள்ளுது சேச்சி. காத்து கனமா இருந்தா பிடி கிடைக்கும். லேசா இருந்தா வழுக்கும். வெயில் கூடினா காத்து லேசாகும். பிரஷர் குறைஞ்சாலும் லேசாகும். அதனால ஒரு நாள் பறந்ததையும் இன்னொரு நாள் பறந்ததையும் சும்மா ஒப்பிடக் கூடாது. அன்னைக்குக் காத்து என்ன கனம்னு பார்த்துத்தான் ஒப்பிடணும்."

புரிந்தது. எண்ணெய்க் கையால் கிணற்றுக் கயிறு இழுக்கிற மாதிரி. கை அதே கைதான். பிடி இல்லை.

நகரத்துக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு மைதானம். எட்டு மாதம் அங்கேதான் பறக்கவிட்டோம். எட்டு மாதம் எழுதினதில் ஒன்று கண்டேன். பிரஷர் காலையில் பத்து மணிக்கு ஏறும். சாயந்திரம் நாலு மணிக்கு இறங்கும். மூன்று எண், நாலு எண் அளவுக்கு. மழை நாளில் கொஞ்சம் மாறும். மற்றபடி தினமும் இதுதான். மோளிடம் சொன்னேன். "ஆமா சேச்சி, அது உள்ளதுதான்" என்றாள். ஆனால் என் பிரஷர் எண்ணை அவள் எடுப்பதில்லை. அவள் லேப்டாப் ஏர்போர்ட் எண்ணைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஏர்போர்ட் ஆயிரத்துப் பத்து என்றால் என் பெட்டியும் ஆயிரத்துப் பத்து, இல்லை ஒன்பது. அதனால் என் எண்ணை யாரும் லேப்டாப்பில் தட்டவில்லை. நான் எழுதினேன், தாள் கோப்பில் போனது.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை முதல் முறையாகப் பொன்முடிக்குப் போனோம். வேனில் மேனேஜர், பைலட், நான். பைலட் நாகர்கோவில்காரர். தரையில் நின்று ரிமோட் பிடிப்பவரைத்தான் பைலட் என்பார்கள். மோள் ஆபீஸில் லேப்டாப்போடு இருந்தாள்.

மேலே புல்வெளியில் நல்ல குளிர். மேனேஜருக்குச் சந்தோஷம்.

"குளிர்ந்த காத்து கனமான காத்து. கடற்கரையில நூறு மீட்டர் ஏற நாற்பது செகண்ட். இங்கே முப்பத்தாறுதான் வரும். மோள் கணக்குப் போட்டாச்சு."

பெட்டியைப் பார்த்தேன். சூடு இருபத்தொன்று. பிரஷர் தொள்ளாயிரத்து ஒன்று. நான் அப்படி ஒரு எண்ணைப் பார்த்ததே இல்லை.

"சார், இது ரொம்பக் குறைஞ்சிருக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். "போன வாரம் கீழே போட்டீங்க அல்லே? கேடாயிருக்கும். விடுங்க."

போட்டது உண்மை. புல்லில்தான் விழுந்தது. தொள்ளாயிரத்து ஒன்று என்றே எழுதினேன்.

விமானம் கிளம்பியது. விசிறிச் சத்தம் வேறாக இருந்தது. கத்தியது. ஆனால் ஏற்றம் இல்லை. முட்டிவலிக்காரர் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறியது.

பைலட் கண்ணை எடுக்காமல் கேட்டார். "என்னக்கா, பெட்டிக்குள்ள அம்மிக்கல்லு வச்சிட்டியளா?"

"எட்டு கிலோ மணல், தம்பி."

"எனக்கு என்னமோ பாதி மலையை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு, பாத்துக்கிடுங்க."

ஐம்பத்தேழு செகண்ட். இன்னொரு பேட்டரி மாற்றிப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு. மூன்றாவது முறை ஐம்பத்தேழு. இறங்கும்போது வேனில் மேனேஜர் பாட்டுப் போடவில்லை.

மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் மேஜையில் ஒரு தாள். மோள் பக்கத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கணக்குப்படி ரெண்டு கிலோ கூடுதல் ஏறியிருக்கு சேச்சி" என்றாள். "வேற எதைப் போட்டுப் பார்த்தாலும் நம்பர் ஒத்து வரல்லை."

"எடை சரி."

மேனேஜர் சிரித்தார். "யாரும் சேச்சியைக் குற்றம் சொல்லல்லை. மனுஷர்க்குத் தப்பு வரும். இதில ஒரு ஒப்பு போட்டா மதி."

ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து, மதி என்றால் போதும். தாள் இங்கிலீஷில் இருந்தது. நான் ஆறாவது வரைதான்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க சார்."

படித்தார். எடை போட்ட உதவியாளரின் தவறால் மணல் இரண்டு கிலோ கூடுதலாக வைக்கப்பட்டது. அதனால்தான் விமானம் மெதுவாக ஏறியது. சரியான எட்டு கிலோ வைத்தால் மலையிலும் விமானம் தேறும். இதையே மருந்து அனுப்புகிறவர்களுக்கு மெயிலும் போட்டாயிற்று. தாளில் என் ஒப்பு மட்டும் பாக்கி.

"நான் தப்பா நிறுக்கலை. ஒப்பு இல்லை."

வெளியே போனேன். வேனிலிருந்து அதே மூட்டையைத் தூக்கி வந்தேன். தையல் பிரியவில்லை. எல்லாருக்கும் முன்னால் தராசில் வைத்தேன். எட்டு.

மேனேஜர் பார்த்தார். "இப்போ எட்டு. மலையில மஞ்சும் பனியும் உண்டு. மணல் ஈரம் குடிச்சிருக்கும். இங்கே வந்து காஞ்சிருக்கும்."

"பிளாஸ்டிக் பைக்குள்ளேயா? ரெண்டு கிலோ தண்ணி குடிச்சிருந்தா வேன் பூரா ஒழுகியிருக்கும் சார்."

பைலட் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அப்போ மேலே தராசு சரிஞ்சிருக்கும்."

"நிறுத்தது மேலே இல்லை சார். இங்கே. நீங்களும் இருந்தீங்க."

அவருக்குக் கோபம் வந்தது. "சேச்சி, திங்கட்கிழமை வரை டைம் தாறேன். ஒப்பு போட்டுட்டு வேலைக்கு வாங்க. இல்லாட்டி வர வேண்டா."

வேலை போகும் என்பது எனக்குப் புதுசு இல்லை. வேறு வேலை தேடலாம். ஆனால் தராசுப் பக்கம் நின்றவளுக்கு எடையில் தப்பு என்று ஒப்பு போட்டுக் கொடுத்தால் அப்புறம் எந்தக் கடைக்காரன் சேர்ப்பான்? அது ஒன்று. இன்னொன்று. என் தம்பி குடும்பம் பொன்முடி லயத்தில்தான் இருக்கிறது. நான் பிறந்ததும் அங்கேதான். தகரக் கூரை. இந்த விமானம் மூட்டையோடு இருபது கிலோ. எட்டு கிலோ தூக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு ஒரு பங்குனி வெயிலில், நடு மத்தியானத்தில், அந்தக் கூரைகளுக்கு மேலேதான் அது திணறிக்கொண்டு போகும்.

எடை சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படியானால் தப்பு வேறு எங்கேயோ. வெள்ளி, சனி இரண்டு நாளும் அதையே நினைத்தேன்.

சனிக்கிழமை பாத்திரம் தேய்க்கும்போது பிடி கிடைத்தது. சின்ன வயதில் லயத்திலிருந்து எண்ணெய் வாங்கக் கீழே விதுரைக்கு இறங்குவோம். காலி பிளாஸ்டிக் டப்பாவை மேலேயே இறுக்கி மூடிக் கொண்டுபோனால், கீழே சேரும்போது அதன் வயிறு உள்ளே ஒட்டியிருக்கும். கடைக்காரர் திட்டுவார். "ஏன் டப்பாவை மிதிச்சீங்க?" யாரும் மிதிக்கவில்லை. டப்பாவுக்குள் இருப்பது மலைக் காற்று. வெளியே இருப்பது கீழ்க் காற்று. கீழ்க் காற்றுக்குப் பலம் கூடுதல். அது அமுக்கியது.

பெட்டி கெடவில்லை. மலையில் பிரஷர் நிஜமாகவே குறைவு. விசிறிக்குப் பிடி இல்லை. நினைத்தால் போதாது. காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை தம்பானூர் ஸ்டாண்டில் பொன்முடி பஸ் ஏறினேன். பெட்டி கையில். அந்த வாரக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினேன். தம்பானூர், ஆயிரத்து எட்டு. நெடுமங்காடு, ஆயிரத்து மூன்று. கல்லாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றி ஆறு. அந்த வளைவுகளுக்கு ஒன்று முதல் இருபத்திரண்டு வரை எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகை தெரியும்போதெல்லாம் பெட்டியைப் பார்த்து எழுதினேன்.

நாலாவது வளைவில் கண்டக்டர் வந்து நின்றார்.

"என்ன சேச்சி, சுகர் பார்க்குற மெஷினா?"

"பிரஷர் பார்க்குறது."

"யாருக்கு?"

"மலைக்கு."

அவர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "ஆசானே, மெல்ல ஓட்டு! மலைக்குப் பிரஷர் பார்க்க டாக்டர் வந்திருக்கு!"

பஸ்ஸில் சிரித்தார்கள். நான் எழுதினேன். ஆனால் அதற்கப்புறம் அந்த மனுஷரே எனக்கு உதவினார். கூட்டத்தில் பலகை மறைந்தால், "சேச்சி, பதினொண்ணு!" என்று குரல் கொடுப்பார். பதினைந்தாவது வளைவில், "இப்போ எவ்வளவு? குறையுதா?" என்று கேட்டார். முன் சீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்தார். குறைந்தது. ஒரு வளைவு தவறாமல் குறைந்தது. ஒரு இடத்தில் நாலு, ஒரு இடத்தில் ஐந்து. இருபத்திரண்டில் தொள்ளாயிரத்துப் பத்து. மேலே புல்வெளிக்கு நடந்துபோய்ப் பார்த்தேன். புதன்கிழமை விமானம் கிளம்பின அதே இடம். தொள்ளாயிரத்து ஒன்று.

மணி பத்து இருக்கும், அங்கிருந்தே பைலட்டைப் போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, ஏர்போர்ட்டு இப்போ என்ன பிரஷர் காட்டுது?"

"ஞாயித்துக்கெழமை கேக்குற கேள்வியாக்கா இது? இருங்க. ஆயிரத்துப் பதினொண்ணு. நீங்க எங்க இருக்கிய?"

"மலையிலே."

"யக்கா, என்ன செய்யுதிய?"

"எடை போடுறேன்" என்று வைத்துவிட்டேன்.

லயத்தில் என் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. போனால் சாப்பிடச் சொல்வார்கள், பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் இறங்கினேன். இறங்கும்போதும் எழுதினேன். ஏறும்போது குறைந்தது இறங்கும்போது கூடியது. சாயந்திரம் நாலு மணிக்கு நேராகச் சங்குமுகம் கடற்கரை. ஏர்போர்ட் சுவருக்குப் பின்னால். மணலில் நின்று பார்த்தேன். ஆயிரத்து எட்டு. பைலட்டை மறுபடி கூப்பிட்டேன். ஏர்போர்ட்டும் ஆயிரத்து எட்டு. காலையில் அங்கே ஆயிரத்துப் பதினொண்ணு, இப்போது எட்டு. சாயந்திரம் இறங்குகிற அதே மூன்று. பெட்டி கெட்டிருந்தால் இப்படிச் சொல்லாது.

திங்கட்கிழமை போனேன். மேனேஜர் தாளையும் பேனாவையும் மேஜையில் வைத்திருந்தார். நான் உட்காரவில்லை. காலண்டர் தாளை மோள் முன்னால் விரித்தேன்.

"இது பஸ் போன வழி. இது பெட்டி சொன்னது. இது ஏர்போர்ட்டு. கீழே ரெண்டும் ஒண்ணு. மேலே நூறுக்கு மேலே வித்தியாசம். ரெண்டும் சரிதான் மோளே. இடம் வேற."

மோள் தாளைப் பார்த்தாள். விரல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவாகப் போனாள். பாதியிலேயே விரல் நின்றுவிட்டது. லேப்டாப்பைத் திறந்தாள். பிரஷர் என்ற கட்டத்தில் ஆயிரத்துப் பதினொன்று தானாக வந்து உட்கார்ந்திருந்தது. அதை அழித்தாள். தொள்ளாயிரத்து ஒன்று என்று தட்டினாள்.

"எத்தனை?" என்று பின்னால் நின்ற பைலட் கேட்டார்.

"ஐம்பத்தஞ்சு செகண்ட்" என்றாள். "எட்டு கிலோவுக்கே ஐம்பத்தஞ்சு. ஏர்போர்ட்டு கடல் மட்டத்து நம்பரைத்தான் கொடுக்கும். எனக்கு அது தெரியும் சேச்சி. படிச்சிருக்கேன். இங்கே எட்டு மாசமா ரெண்டும் ஒண்ணாவே இருந்தது. நான் மாத்தணும்னு நினைக்கவே இல்லை."

"குளிர் காத்து கனம்னு சொன்னது?" என்று மேனேஜர் கேட்டார்.

"அது சரிதான் சார். குளிர் கொடுத்தது கொஞ்சம். உயரம் எடுத்தது அதை விட அதிகம்."

மேனேஜர் பேனாவை மூடினார். "சரி. அப்போ இந்தப் பேப்பர் வேண்டா. கீறிப் போட்டுடலாம். சேச்சி வேலையைப் பாருங்க."

"மெயில்?"

"என்ன மெயில்?"

"எடை போட்டவ தப்புன்னு போட்டீங்களே சார். அது அங்கே கிடக்குது."

"அதை நான் பார்த்துக்கறேன்."

"இப்போ பாருங்க."

அவர் கதவைச் சாத்தினார். மோளையும் பைலட்டையும் உள்ளே வைத்தே சாத்தினார். குரல் தாழ்ந்தது. "சேச்சி, கொஞ்சம் மனசிலாக்கணும். எடை தப்புன்னா மறுபடி நிறுத்தாப் போதும், எட்டு கிலோ தூக்கும்னு ஆகும். காத்து லேசுன்னா மலையில எட்டு கிலோ தூக்காதுன்னு ஆகும். காண்ட்ராக்ட் எட்டு கிலோவுக்கு. நம்ம எல்லாருக்கும் ஜோலி போகும். சேச்சிக்கும்."

"எனக்குப் போகும்னு நீங்க வியாழக்கிழமையே சொல்லிட்டீங்க சார்."

"வேற மாதிரி எழுதறேன். எடையில ஒரு குழப்பம் வந்தது, இப்போ தீர்ந்ததுன்னு. சேச்சி பேர் இல்லை. மதியா?"

"எடையில குழப்பம் இல்லை."

"ஒரு வார்த்தைதானே!"

"அந்த வார்த்தையை நம்பி எட்டு கிலோ வச்சு அனுப்புவாங்க. அங்கே கீழே ஆள் இருக்கு. விழுந்தா யார் தலையிலே சார் விழும்? அப்பவும் எடை போட்டவளைத்தான் கேப்பீங்க."

பைலட் ரிமோட்டை மேஜையில் வைத்தார். "சார், அன்னைக்கு அது கத்தின கத்து எனக்குத்தான் தெரியும். வேனல் வெயில்ல எட்டு கிலோ வச்சு அந்த லயத்துக்கு மேலே நான் பறத்த மாட்டேன்."

மோள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். கேட்காமலே தட்டினாள். பிறகு மலையாளத்தில் படித்துக் காட்டினாள். எடை சரியாகத்தான் இருந்தது. நாங்கள் எடுத்த பிரஷர் எண் தவறு. மலையின் எண்ணைப் போட்டால் கணக்கும் சோதனையும் ஒத்து வருகிறது. அந்த உயரத்தில், வெயில் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், பத்திரமாகத் தூக்குவது ஆறு கிலோ.

"ஆறுன்னு எழுதாதே. பரிசீலிக்கிறோம்னு எழுது" என்றார் மேனேஜர்.

"ஆறு சார்" என்றாள்.

நான் கதவுப் பக்கம் நின்றேன். போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் அவரே கையை நீட்டி அனுப்புகிற பொத்தானை அழுத்தினார். பழைய தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"திருப்தியா?"

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

மருந்துக்காரர்கள் அன்று மத்தியானமே போன் பண்ணினார்கள். மேனேஜர் வாசலில் நடந்துகொண்டே பேசினார். நிறைய முறை "ஆமா சார்" என்றார். காண்ட்ராக்ட் போகுமா நிற்குமா என்று அன்று தெரியவில்லை. போன் முடிந்ததும் நான் இருக்கிற கொட்டகைக்கு வந்தார்.

"நாளைக்கு மறுபடி மலை. அவங்க ஆளும் பார்க்க வருது. ஆறு கிலோ மூட்டை ரெண்டு கட்டணும்."

எட்டு கிலோ மூட்டையின் தையலைப் பிரித்தேன். மணலைச் சட்டியில் கொட்டினேன். கையால் அள்ளி ஒதுக்கினேன். தராசில் வைத்தேன். ஆறு, நாற்பது கிராம் கூடுதல். ஒரு பிடி எடுத்தேன். ஆறு.

அவர் போகத் திரும்பினார்.

"சார், எடையைப் பார்த்துட்டுப் போங்க."

"வேண்டா சேச்சி. எனக்கு நம்பிக்கை உண்டு."

"நம்பிக்கை வேண்டாம். பாருங்க."

நின்றார். கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து பார்த்தார்.

"ஆறு" என்றார்.

பையைத் தைக்க ஆரம்பித்தேன்.